ஈரத்துக்கு மூன்று றாத்தல்

ஹட்டன் நகரத்தில் நல்லவர்களின் தொகை கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டதால், 1954ஆம் ஆண்டு அவர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பிக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. மனிதகுல வரலாற்றில் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக இந்த நிகழ்ச்சியைத்தான் வைக்க வேண்டும் என்பது சங்கத் தலைவர் சிவசாமியின் அடக்கமான கருத்து.

சங்கத்தின் பெயர் ‘ஹட்டன் குழந்தைகள் உடல்நலத் தொண்டர் மகாசபை’. அங்கத்தவர்கள் பதினொரு பேர், பதவிகள் பத்து. மிஞ்சிய ஒருவரின் மனம் நோகக் கூடாதே என்று அவரைச் ‘சாதாரண அங்கத்தவர்களின் தலைவர்’ ஆக்கினார்கள். செயலாளர் பதவி, பஸ் நிலையத்துக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த ஹலீமுக்குக் கிடைத்தது. அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கடையில் மைப்புட்டிக்கும் பஞ்சமில்லை. ஒரு செயலாளருக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? ஆனால் ஹலீமிடம் ஒரு குறையும் இருந்தது. அவருக்குக் குழந்தைகள் மேல் உண்மையாகவே பிரியம். இது சங்கத்துக்கு எவ்வளவு தொந்தரவாக முடியும் என்பது ஆரம்பத்தில் யாருக்கும் தெரியவில்லை.

தலைவர் சிவசாமி ஓய்வுபெற்ற தபாலதிபர். வீட்டில் உப்புக் கேட்பதென்றாலும் எழுத்துத் தமிழில்தான் கேட்பார். ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், ஆப்பிரிக்கக் கிராமமொன்றில் வெள்ளைக்காரத் தொண்டர்கள் குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கும் படத்தைக் கண்ட நாளிலிருந்து, தானும் யாரையாவது தொங்கவிட வேண்டும் என்ற ஏக்கம் அவரை வாட்டி வந்தது.

“ஆப்பிரிக்காவுக்கே சென்றுவிடலாம்” என்று முதல் கூட்டத்தில் பிரேரித்தார்.

“ஹட்டன்லருந்து ஆப்பிரிக்காவுக்கு பஸ் இருக்குங்களா?” என்று கேட்டார் சாதாரண அங்கத்தவர்களின் தலைவர்.

விசாரித்ததில் இல்லை என்று தெரிந்தது. நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் இருந்தது. ஆகவே நோட்டன் பிரிட்ஜையும் தாண்டி, பஸ்ஸே எட்டிப் பார்க்காத கல்லுமலைத் தேயிலைத் தோட்டம் ‘ஹட்டனின் ஆப்பிரிக்கா’ என்று ஏகமனதாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

ஹலீமுக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம். “தலைவரய்யா, கல்லுமலை ஆளுங்க பதினஞ்சு வருசமா ஞாயித்துக்கிழமை தவறாம நம்ம கடைக்கு வாறாங்களே. அவங்கள நாம புதுசாப் போயி என்னத்தக் கண்டுபிடிக்கிறது?”

“செயலாளர் அவர்களே, அவர்கள் நம்மிடம் வந்தால் அது வியாபாரம். நாம் அவர்களிடம் போனால் அது தொண்டு” என்றார் சிவசாமி. ஹலீம் அதையும் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டார்.

ஐப்பசி மாதத்து அடைமழையில் முதல் பயணம் புறப்பட்டது. ஒரு வாடகைக் காரில் ஏழு பேர், ஒரு பதாகை, ஒரு பதிவேடு, நான்கு டின் பால்மா. தராசு கொண்டுவரும் பொறுப்பு தலைவருடையது. அவரும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். கடிதம் நிறுக்கிற தராசு! முதல் குழந்தையின் பாதத்தை அதன்மேல் வைத்ததுமே தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

அப்போது கை கொடுத்தவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பொன்னையா. பெண்கள் பறித்து வரும் கொழுந்தை நிறுத்துப் பேரேட்டில் பதிவதுதான் அவர் வேலை. “கவலப்படாதீங்க. நிறுக்கிறதுக்கு இந்தத் தோட்டத்துல சாமானா இல்ல? கொழுந்துத் தராசு இருக்கு. புள்ளைங்களக் கூடையில வச்சுத் தொங்கவிட்டாப் போச்சு.”

தொங்கவிடுவது என்ற சொல்லைக் கேட்டதும் தலைவரின் முகம் மலர்ந்தது.

இந்த இடத்தில் பொன்னையாவின் தொழில் நுட்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் காட்டுவதை அப்படியே கூப்பிடுவது மரியாதை ஆகாது. கூடையின் பாரத்துக்கு இரண்டு றாத்தல் கழிக்க வேண்டும், அது நியாயம். மழை நாளென்றால், கொழுந்தில் தண்ணீர் ஒட்டியிருக்கும் என்று ஈரத்துக்கு இன்னும் மூன்று றாத்தல் கழிக்க வேண்டும். அது தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் சட்டம். இருபத்திரண்டு வருடமாக இதையே செய்து வந்ததில், பொன்னையாவின் கண் முள்ளைப் பார்த்ததுமே வாய் தானாகக் கழித்துவிடும். நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. இதெல்லாம் ஹட்டன்காரர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

குழந்தைகளைக் கூடையில் வைத்தார்கள். மழை சோவென்று கொட்டியது. பொன்னையா முள்ளைப் பார்த்தார், கூப்பிட்டார். ஹலீம் எழுதினார். மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ‘நன்றிப் பெருக்கு’ என்று ஹலீம் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைத்தார்.

பதினேழாவதாக வந்தவள் மீனம்மா. அவளுடைய ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு நாகலெட்சுமி என்று பெயர். பெயரைத் தூக்கிச் சுமக்கவே அந்த உடம்பு போதாது. முள் பதினான்கில் நின்றது.

“ஒம்பது!” என்றார் பொன்னையா.

மீனம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நிறுவை நேரத்தில் வாயெடுக்கும் வழக்கம் அந்தத் தோட்டத்தில் இல்லாததால், மறுபடி மூடிக்கொண்டாள். ஹலீம் மட்டும் குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தார். பல் முளைக்காத குழந்தைக்கு பிஸ்கட் எதற்கு என்று தலைவர் கடிந்துகொண்டார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடிற்று. நாற்பத்து மூன்று குழந்தைகள். நாற்பத்து மூன்று பேரும் எடை குறைவு!

“எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இருக்கிறது” என்றார் சிவசாமி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதாவது, வருந்தத்தக்க விதத்தில் சிறப்பாக இருக்கிறது” என்று திருத்தினார்.

எல்லாக் குழந்தைகளுக்கும் மாதாமாதம் பால்மா வழங்குவதென்றும், மூன்று மாதத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு றாத்தல் கூடினால் ‘நோக்கம் நிறைவேறியது’ என்று கொள்வதென்றும் தீர்மானமாயிற்று. மாதம் தவறாமல் பால்மாவைச் சுமந்துகொண்டு போனவர் ஹலீம்தான். மற்றவர்கள் தங்கள் பதவிகளைச் சுமந்துகொண்டு ஹட்டனில் இருந்தார்கள்.

தை பிறந்தது. இரண்டாவது நிறுவை. மழை ஓய்ந்து, வெயில் பளிச்சென்று அடித்தது. பொன்னையா நேர்மையான மனிதர். ஈரமில்லாத நாளில் ஈரத்துக்குக் கழிக்க அவருக்கு மனம் வராது. கூடைக்கு இரண்டை மட்டும் கழித்துக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஹலீம் எழுதிக்கொண்டே போனார். ஒரு குழந்தைக்கு மூன்று றாத்தல் கூடியிருந்தது, இன்னொன்றுக்கு நாலு! உலகத்தில் எந்தத் தொண்டனுக்கும் கிடைக்காத வெற்றி. தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீனம்மாவின் முறை வந்தது. முள் பதின்மூன்று. “பதினொன்னு!” என்றார் பொன்னையா.

“பாத்தியா, ரெண்டு றாத்தல் கூடியிருக்கு!” என்று பூரித்துப் போனார் ஹலீம்.

“இல்லீங்க மொதலாளி. எளைச்சிருச்சுங்க. மார்கழியில காய்ச்சலும் வயித்தாலயும் வந்து பத்து நாள் கெடந்துச்சு. இப்பத்தான் எழும்புது.”

“அதெப்படி? புத்தகத்துல கூடியிருக்கே.”

“புள்ள என் இடுப்புலதானுங்களே இருக்கு? புத்தகத்துலயா இருக்கு?”

ஹலீம் குழந்தையைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். இரண்டில் பதிவேடுதான் கொழுகொழுவென்று இருந்தது. ஆனாலும் பின்னால் இன்னும் இருபத்தாறு வெற்றிகள் வரிசையில் காத்திருந்ததால், அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

நோக்கம் நிறைவேறிவிட்டது. ஆகவே பால்மா நிறுத்தப்பட்டது. மிச்ச டின்களை வைத்துக்கொண்டு கினிகத்தேனைப் பக்கம் இன்னோர் ஆப்பிரிக்காவைத் தேடுவதென்றும், மாசி முதல் ஞாயிறன்று கல்லுமலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெரிய துரையின் தலைமையில் ‘வெற்றிப் பெருவிழா’ நடத்துவதென்றும் முடிவாயிற்று. விழாவில் துரையின் கண்முன்னே ஒரு குழந்தையை நிறுத்துக் காட்ட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீனம்மா ஹட்டனுக்கு வந்தாள். குழந்தை தோளில் துவண்டு கிடந்தது. அரை றாத்தல் கருவாடு கேட்டாள். ஹலீம் சாக்கிலிருந்து அள்ளித் தராசில் போட்டார். ஹட்டன் பனிக்குக் கருவாடென்று தெரியுமா, கதர் வேட்டியென்று தெரியுமா? எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. அள்ளிய கை ஈரமாகிவிட, ஹலீம் அதை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார். மீனம்மா அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

“மொதலாளி, பால்மாவு நின்னு போச்சுங்களாம். இந்தப் புள்ளைக்கு மட்டுமாச்சும் ரெண்டு மாசம் குடுங்க. எங்கிட்டப் பாலு வத்திப்போச்சு. வெறுங் கஞ்சித் தண்ணியக் குடுத்தா இது தாங்காதுங்க.”

“தீர்மானம் அப்படி, மீனம்மா. ரெண்டு றாத்தல் கூடின புள்ளைக்குப் பால் குடுக்கச் சட்டத்துல எடமில்ல.”

“மொத நாளு முள்ளு பதினாலுல நின்னுச்சுங்க. கூடைக்கு ரெண்டு போனா, பன்னெண்டு. கணக்கப்புள்ள ஐயா ஈரத்துக்கும் மூணு கழிச்சு ஒம்பதுன்னு கூப்பிட்டாரு. போன தடவ வெயிலு. கழிக்கல, பதினொன்னுன்னு கூப்பிட்டாரு. பன்னெண்டு றாத்தல் புள்ள பதினொன்னாயிருச்சுங்க, மொதலாளி. கூடினது எங்க?”

ஹலீமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒனக்கெப்படித் தெரியும்?”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. முள்ளு தெரியும். நாளைக்கு மூணு தடவ அதத்தானுங்களே பாத்துக்கிட்டு நிக்கிறோம்?”

ஹலீம் அரிசித் தராசின் தட்டில் சாக்கை மடித்துப் போட்டு, குழந்தையைத் தூக்கி வைத்தார். மறு தட்டில் படிக்கற்கள். பத்துக்கு மேல் ஒரு றாத்தல் கல். தட்டுகள் சமமாக நின்றன. பதினொன்றுக்கு ஓர் இம்மி அதிகமில்லை. எட்டு மாதக் குழந்தை. கடையில் விற்கும் ஒரு சின்னச் சீனி மூட்டைகூட இதைவிடக் கனம்.

“ஏம்மா, புள்ளைய நிறுக்கிறப்ப ஈரத்துக்கு எதுக்குக் கழிக்கணும்னு அன்னைக்கே கேட்டிருக்கக் கூடாதா?”

“கொழுந்துக்கு எதுக்குன்னு கேட்டவங்க யாருங்க, புள்ளைக்குக் கேக்குறதுக்கு?” என்றாள் மீனம்மா.

அன்று ஹலீம் தன் கையிலிருந்து ஒரு பொட்டலம் பால்மா கட்டிக் கொடுத்தார். கொடுத்தது ஒரு குழந்தைக்கு ஒரு வாரத்துக்குப் போதும். மிச்சம் நாற்பத்திரண்டு குழந்தைகள் இரவெல்லாம் அவரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அவசரக் கூட்டம் கூட்டினார்.

சிவசாமி நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதாவது, அந்தக் குழந்தை நமது தீர்மானத்துக்கு விரோதமாக மெலிந்திருக்கிறது என்கிறீர்கள்.”

“அது மெலியலீங்க... மெலிஞ்சதுதான்... நாமதான் தப்பா எழுதிட்டோம். முதல் தடவ எழுதின அத்தனையும் மூணு றாத்தல் பிழை.”

“செயலாளர் அவர்களே, நமது அறிக்கை கொழும்புக்குப் போய்விட்டது. முத்திரை குத்திய கடிதத்தை உறையைப் பிரித்துத் திருத்துவது தபால் சட்டப்படி குற்றம்.”

“புள்ள செத்துப்போனா?”

சாதாரண அங்கத்தவர்களின் தலைவர் மட்டும் மெல்ல, “விழாவுக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்டார்.

ஹலீம் பதிவேட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி றுக்கையா சோற்றை வைத்துவிட்டு, முழுக்கதையையும் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

“ஒங்க சபைக்குப் புள்ளையும் தெரியாது, புத்தகமும் தெரியாது. எடை கொறஞ்சாத்தானே பால் குடுப்பாங்க? கணக்கப்புள்ள கழிச்சாத்தானே எடை கொறையும்?”

“மழ பெஞ்சாத்தானே கழிப்பாரு? மாசியில மழைக்கு எங்க போறது?”

“மழை வேணாம். கூடை நனைஞ்சிருந்தாப் போதாதா?” என்றாள் றுக்கையா. சோற்றில் வைத்த கையை ஹலீம் அப்படியே நிறுத்திவிட்டார்.

பெருவிழா நாள் வந்தது. கொழுந்து மடுவத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. கல்லுமலைப் பெண்கள் இருநூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகள் சபைக்காரர்களுக்கு. நடுநாற்காலியில் பெரிய துரை, கழுத்தில் மாலையும் வாயில் புகையும் சுங்கானுமாக வீற்றிருந்தார். நிறுத்துக் காட்ட வேண்டிய குழந்தை நாகலெட்சுமி என்று செயலாளர் ஏற்கெனவே தெரிவுசெய்திருந்தார்.

விழா தொடங்கச் சற்று முன்னால் செயலாளரைக் காணவில்லை. அவர் மடுவத்துக்குப் பின்னால், மலையிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீரின் கீழே, கூடையையும் அதற்குள் விரித்த சாக்கையும் சொட்டச் சொட்ட நனைத்துக்கொண்டிருந்தார். சாரம் முழங்கால் வரை ஈரம். பக்கத்தில் நின்ற மீனம்மா, இடுப்பில் கட்டியிருந்த காய்ந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, குழந்தைக்குக் குளிராதபடி உள்ளே நாலாக மடித்துப் போட்டாள்.

“மொதலாளி, இது திருட்டு வேலை இல்லீங்களே?”

“இல்ல மீனம்மா. தொரை சட்டத்தத்தான் நாம நனைச்சுக் குடுக்கிறோம்.”

சிவசாமி முக்கால் மணி நேரம் வரவேற்புரை ஆற்றினார். பிறகு பொன்னையா, கூடையைக் குழந்தையோடு தராசில் மாட்டினார். முள் ஆடி ஆடிப் பதினான்கில் நின்றது. கூடையிலிருந்து தண்ணீர் அவர் காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்தில் சொட்டியது. கண் முள்ளைப் பார்த்தது. வாய் தன் கடமையைச் செய்தது.

“ஒம்பது!”

மூன்று மாதத் தொண்டு மூன்று விநாடியில் கரைந்துபோயிற்று. சபை வருவதற்கு முன்னால் எங்கே இருந்ததோ, குழந்தை அங்கேயே திரும்பிப் போய்விட்டது.

துரை சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். “என்ன கணக்கப்புள்ள? புஸ்தகத்துல பதினொன்னு இருக்கு!”

“தொரைங்களே, முள்ளு பதினாலுங்க. கூடைக்கு ரெண்டு. ஈரத்துக்கு மூணு. ஒம்பதுங்க. தொரைங்க போட்ட சட்டப்படிதான்” என்று விறைப்பாக நின்றார் பொன்னையா.

துரையின் முகம் சிவந்தது. கழித்தது பிழை என்றால், இருநூறு பெண்களுக்கு முன்னால் ஈரக் கழிவே பிழை என்றாகிவிடும். சரி என்றால், குழந்தை ஒன்பது றாத்தல். பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் முள்ளைப் பார்க்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சட்டம்னா சட்டம்தான்” என்றார் துரை. “ஒம்பது.”

ஹலீம் சட்டென்று எழுந்தார். “அப்படீன்னா மகாசபைத் தீர்மானப்படி நோக்கம் நிறைவேறல. பால் குடுத்தாகணும். மத்த நாப்பத்திரண்டு புள்ளைங்களையும் இதே கூடையில, தொரை முன்னாலேயே நிறுத்துப் பாத்துருவோங்களா?”

“வேணாம்! வேணாம்!” என்று பதறினார் துரை. “எல்லாப் புள்ளைக்கும் பால் குடு. இன்னும் ஒரு வருசம் குடு. டின் வாங்குறது தோட்டம்.”

மடுவத்தின் தகரக்கூரை அதிரக் கைதட்டல் எழுந்தது. ஹலீம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோல்வியைக் கண்டால் அதை உடனே சொற்பொழிவாக்கிவிடும் வல்லமை படைத்த சிவசாமி, முன்னால் பாய்ந்து வந்தார்.

“பெரியோர்களே! தாய்மார்களே! பெரிய துரை அவர்களின் நெஞ்சிலே எவ்வளவு ஈரம்! நமது செயலாளர் ஹலீம் அவர்களின் நெஞ்சிலே எவ்வளவு ஈரம்! ஈரம் என்றால் என்னவென்று இன்று கல்லுமலை கண்டுகொண்டது! இப்போது பயன்பெற்றோர் சார்பில் ஒரு தாயார் இரண்டு வார்த்தை நன்றி நவில்வார்.”

மீனம்மா எழுந்து நின்றாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளை இரண்டு வார்த்தை பேசச் சொன்னதில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கூச்சத்தோடு ஒரு கும்பிடு போட்டாள்.

“பால்மாவுக்குக் கோடி கும்பிடுங்க. எம்புள்ள பொழைச்சுக்கும். இவங்க நெஞ்சுல ஈரம் இருக்குன்னு தலைவரய்யா சொன்னாங்க. இருக்குங்க, நெறையாவே இருக்குங்க. தொரை எங்ககிட்டக் கொழுந்து வாங்குறப்ப ஈரத்தக் கழிச்சுட்டு நிறுக்குறாங்க. மொதலாளி எங்களுக்குக் கருவாடு விக்கிறப்ப ஈரத்தோட சேத்து நிறுக்குறாங்க. இத்தன ஈரத்துக்கும் நடுவுல, நாங்க மட்டுந்தாங்க காஞ்சுபோய்க் கெடக்குறோம்.”